எண் போடாத தாள்

1

இந்தக் கதை ஒரு கடிதத்தில் பிறந்தது. எழுதியவர் நினைவு மலர்க் குழுவின் செயலாளர் பரசுராமன். எங்கள் கல்லூரியில் வரலாறு நடத்துகிறார், அதாவது பழைய நோட்டைப் படித்துக் காட்டுகிறார். பேராசிரியர் திருஞானசம்பந்தம் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் மலருக்கு அட்டைப்படம் தயார். அவருடைய முதல் ஆய்வு மாணவி என்ற முறையில் நான் கண்ணீர் அஞ்சலி எழுத வேண்டுமாம். கண்ணீரின் அளவையும் குறித்திருந்தார்: நானூறு சொல்.

நேரில் பார்த்தபோது இன்னொன்றும் சொன்னார்.

"மேடம், அறுபத்தெட்டு மாநாட்டுல சார் மாட்டிக்கிட்ட அந்தத் தப்ப விட்டுடாதீங்க. லேசாத் தொட்டுட்டு, பெரிய மனசோட மன்னிச்சிட்டா மாதிரி முடிச்சிடுங்க. மலருக்கு ஒரு வெயிட்டு இருக்கும்."

மன்னிக்க வேண்டுமாம். நான். அவரை. கதையாக எழுதிவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

2

முதல் தொடக்கம்: 'கல்வெட்டுத் துறையின் கலங்கரை விளக்கம் அணைந்தது.' (காஞ்சிபுரத்தில் கடலே கிடையாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: 'நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியை விட்டுத் தமிழை' (மலரில் ஏற்கெனவே ஐந்து பேர் இப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள்.)

மூன்றாவது: 'எனக்கு அவரை என் அப்பாவைவிடப் பிடிக்கும்.' இது உண்மை, அதனால் மலருக்கு ஆகாது. பெண்ணை எம்.ஏ.வுக்கு மேல் படிக்க வைக்கமாட்டேன் என்று என் அப்பா பிடிவாதம் பிடித்தபோது, எங்கள் ஊர் கூரத்துக்கு சைக்கிளில் வந்து, பம்புசெட்டு மேடையில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க வாதாடியவர் அவர். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "மொதல்ல பாரத்துல கையெழுத்து போடுங்க, அப்பறம் சாப்புடறேன்" என்றார். அப்பா போட்டார்.

3

கதைக்கு ஒரு பாத்திரம் வேண்டும். இந்திராணி என்று வைத்துக்கொள்வோம். என் பெயரும் அதுதான், இருக்கட்டும்.

வருடம் 1966. கூரத்துக்குப் போகிற வழியில் ஒரு கோவில். சாரும் இந்திராணியும் கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிறார்கள். ஈரத் தாளைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றினால் எழுத்து மட்டும் வெள்ளையாகத் தாளில் நிற்கும். காய்ந்ததும் உரிக்கலாம். உரிப்பதற்கு முன் எந்தச் சுவர், எத்தனையாவது தாள் என்று ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுவிட வேண்டும். சார் வைத்திருந்த ஒரே சட்டம் அது.

'இந்திராணிக்கு அன்று கடுமையான காய்ச்சல்' (இல்லை.)

'திடீரென்று மழை பிடித்துக்கொள்ளவே' (சித்திரை வெயில். ஒரு சொட்டுக் கிடையாது.)

'மாட்டினிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு தியேட்டர் வாசலில் தோழி கமலாட்சி நிற்பாள், பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால்' (ஆமாம். எண் போடாமல் உரித்தது இதற்குத்தான்.)

மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து சார் கேட்டார்: "நம்பர் போட்டுட்டியாமா?"

"போட்டுட்டேன் சார்."

வாசகர்களுக்குப் பிடிக்கும்படி இந்தப் பெண்ணைக் கொஞ்சம் திருத்தப் பார்த்தேன். கோடாலியால் பிளந்தாலும் திருந்தமாட்டாள் போலிருக்கிறது.

4

மறுநாள் துறை அறையில் தாள்களைக் குத்துமதிப்பாக வரிசைப்படுத்தி ஒட்டினாள். தெற்குச் சுவர்த் தாளில் ஊர்ச்சபையில் உட்கார்ந்தவர்களின் பட்டியல் தொடங்குகிறது. மேற்குச் சுவர்த் தாளில் வரி கட்டிய நெசவாளர்களின் பெயர்கள். இரண்டையும் சேர்த்து ஒட்டியதில் நெசவாளர்கள் போய்ச் சபையில் உட்கார்ந்துவிட்டார்கள். சார் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். அவள் போட்ட வரிசையை நம்பிப் பெரிய கட்டுரை எழுதினார்.

அறுபத்தெட்டில் நடந்த மாநாட்டில், கல்லையே நேரில் படித்துவிட்டு வந்த ஒருவர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "சொந்தச் சாதிக்கு நாற்காலி போட்டிருக்கிறார்" என்று அறிஞர்கள்* சிரித்தார்கள். சார் எழுந்தார். "தாள்ல நம்பர் போட மறந்தவன் நான்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் மூன்றாவது வரிசையில் மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு எனக்குப் பட்டமும் வேலையும் கிடைத்தன. அவரை அதன் பிறகு எந்த மாநாட்டுக்கும் யாரும் கூப்பிடவில்லை.

(* இந்த அறிஞர்களில் நான்கு பேர் மலரில் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார்கள். அளவு பிசகாமல் நானூறு சொல்.)

5

மலருக்குப் புகைப்படம் வாங்கப் பிள்ளையார்பாளையம் போனேன். சாரின் மனைவி தில்லையம்மாள் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தார்.

"நீயாவது நல்லா எழுதும்மா. ஒரு நம்பர் போட மறந்துட்டாரே மனுசன்! ஆறு வருசமா அதச் சொல்லிச் சொல்லியே திட்டிக்கினு இருந்தேன். சோறு போடச்சொல்லோகூட உட்டதில்ல. எங்க அண்ணன் வூட்டுக் கலியாணத்துக்கு இட்டுக்கினு போகல, நாலு பேரு கேலி பண்ணுவாங்கன்னு."

"சார் என்ன சொல்வார்மா?"

"இன்னா சொல்வாரு? 'ஆமா தில்ல, மறந்துதான் பூட்டேன்'ம்பாரு. மோரு ஊத்தித் துன்னுட்டு எழுந்து பூடுவாரு."

வீட்டுக்குள்கூட அவர் சொல்லவில்லை. கட்டிய மனைவியிடம்கூட. படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6

முடிவு ஒன்று: விழா மேடையில் இந்திராணி உண்மையைச் சொல்கிறாள், கூட்டமே எழுந்து கைதட்டுகிறது. (பாருங்கள், இதிலும் கைதட்டல் எனக்கே.)

முடிவு இரண்டு: பெரிய மனதோடு அவரை மன்னித்து (போதும்.)

முடிவு மூன்று: தில்லையம்மாளுக்கு எல்லாம் முன்பே தெரியும். (கதை எழுதுகிறவர்கள் தப்பித்து ஓடுகிற கொல்லைப்புற வழி இது. அவருக்குத் தெரியாது.)

மலருக்கு நான் எதுவும் தரவில்லை. இதை ஒரு மாத இதழுக்கு அனுப்புகிறேன். உண்மையை எழுதிவிட்டேன் என்று மார்தட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் கதை என்று போட்டுவிட்டால் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள், தில்லையம்மாளுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டும் தெரிந்துதான் எழுதினேன்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள், பகலில் தில்லையம்மாள் வீட்டில்தான் இருப்பார். உங்கள் வீட்டுக்காரர் எதையும் மறக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். எண் போடாதது வேறு யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

நீயே போய்ச் சொல்லேன் என்கிறீர்களா? நேற்றும் போயிருந்தேன். செத்துப்போன மனிதரை இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.