தேடினால் கிடைக்காத மூன்று பக்கங்கள்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி எண்ணிலிருந்து வந்தது. "என் மனைவி இறந்து எட்டு மாதம்" என்றுதான் முதலில் தொடங்கினேன். அடித்துவிட்டேன். [அடித்தது தெரிகிறது. இருக்கட்டும்.]

2

ஒரு மருத்துவமனையின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவளுக்கும் அதே வேலை, எதிர் மேசை. குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் அழைக்க வேண்டிய எண் எங்கள் தளத்தில் 214 பக்கங்களில் வருகிறது. அதை அவள் ஒரே பிளாக்காக ஆக்கினாள்.*

* பிளாக் என்பது ஒரே இடத்தில் எழுதி வைப்பது. பக்கங்கள் அதை எடுத்துக் காட்டும். அங்கே திருத்தினால் எல்லாப் பக்கத்திலும் திருந்தும். நகலெடுத்து ஒட்டினால் திருந்தாது. இதை அவள் எனக்கு நான்கு முறை சொல்லியிருக்கிறாள்.

3

செவ்வாய், பதினொன்றே முக்கால். மேலாளர் ஒரு தாளோடு வந்தார்.

"பன்னிரண்டுக்குப் பழைய நம்பர் கட்டாகுது. இப்பத்தான் சொல்றாங்க. எல்லாரும் உட்காருங்க, ஆளுக்கு முப்பது பக்கம்."

"ஒரு இடத்துல மாத்தினா போதும், சார்."

"விளையாடாதப்பா."

அவளுடைய பிளாக்கைத் திறந்தேன். எண்ணை மாற்றிச் சேமித்தேன். பழைய எண்ணைத் தளம் முழுக்கத் தேடினேன். எங்கும் இல்லை.

(என் நெஞ்சு அப்போது... இந்த வாக்கியம் வேண்டாம். நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.)

மேலாளர் கிளம்பிவிட்டார். பிளாக்கை மூடப் போனேன். அடியில் குறிப்புப் பெட்டி. இரண்டு வருடம் முன்பு அவள் எழுதியது:

"மூணு பக்கத்துல இதைப் படமா எடுத்து ஒட்டி வச்சிருக்கான் ஒரு சோம்பேறி. படம்கிறதால தேடினா கிடைக்காது. இப்போதைக்கு நம்பர் சரி, விட்டுட்டேன். மாறினா அவனே மாத்தட்டும். என்னைக் கட்டிக்கிட்டதுக்கு இதையாவது செய்யட்டும்."

கீழே மூன்று பக்கங்களின் பெயர்கள். மூன்றும் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் செய்தவை.

சிரித்துவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது. மேலாளரும் திரும்பி வந்து, தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"யாருப்பா அந்தச் சோம்பேறி?"

"நான்தான், சார்."

"அதானே பார்த்தேன். சீக்கிரம்."

படங்களைத் தூக்கினேன். பிளாக்கைப் போட்டேன். பதினொன்று ஐம்பத்தாறு.

4

பன்னிரண்டு இருபதுக்கு முதல் அழைப்பு. ஒரு வரைவில், அது அந்த மூன்று பக்கங்களில் ஒன்றைப் பார்த்து வந்த அழைப்பு என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொய். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. ஓர் அம்மா புது எண்ணை அழைத்தார். உடனே எடுத்தார்கள். குழந்தை பிழைத்தது.

5

இனி முடிவு. மூன்று பக்கங்களும் சரியாகிவிட்டதால் அவள் குறிப்பு இப்போது தவறு. தவறான குறிப்பை விட்டுவைக்கக் கூடாது என்பது அவள் போட்ட விதி. அழித்தால் அவள் என்னைத் திட்டியது போய்விடும். அழிக்காமல் கீழே ஒரு வரி சேர்க்கலாம்: "சோம்பேறி மாத்திட்டான்."

பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறேன். நீங்கள் முடியுங்கள். எப்படி முடித்தாலும் சரி, 214 பக்கங்களிலும் எண் சரியாக இருக்கிறது.