கிழக்கு இல்லாத வீடு

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் கூத்தையாவை ஒரு காலி அறையில் நிற்கவைத்து, கண்ணில் கனமான கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார்கள். அதற்குள்ளே ஒரு வீடு இருக்கிறதாம். அவர் பார்ப்பதெல்லாம் சுவரிலிருந்த டிவியிலும் தெரிந்தது. குடம், குடை, டார்ச் என்று ஆறு பொருள்களை அந்த வீட்டில் ஆங்காங்கே வைத்துக் காட்டுவார்கள். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அததை அதனதன் இடத்தில் வைக்கச் சொல்வார்கள். மனுஷன் ஞாபகத்தை அளக்க இப்படியும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், என்ன செய்ய!

அவர் மனைவி பூமயில் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். போன வாரம் மிளகாய்க்காட்டிலிருந்து வீடு திரும்பத் தெரியாமல் சாயல்குடி ரோட்டில் திருதிருவென்று நின்றவரை யாரோ பைக்கில் கொண்டுவந்து விட்டார்கள். வெயில் மயக்கம் என்று சொல்லி ஊர் வாயை அடைத்தாள். இந்த டாக்டர் வாயிலிருந்தும் அதே சொல் வந்துவிட வேண்டும். நாற்பது வருஷம் கூடவே கிடந்தவளுக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டு தடவை முடிந்தது. இரண்டிலும் திணறல்தான். ஜன்னலுக்கு இடது பக்கம் என்ன இருந்தது என்று டாக்டர் கலைச்செல்வி கேட்க, கூத்தையாவுக்குச் சுள்ளென்று வந்தது.

"எடது வலதெல்லாம் எனக்கெதுக்குத்தா? கெழக்கு எங்கன இருக்கு, அதச் சொல்லு."

நியாயமான கேள்வி. அவர்கள் ஊரில் சோற்றுத் தட்டைக்கூட 'செத்த தெக்க தள்ளி வையி' என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு படித்தவர்கள் ஒரு வீட்டைக் கட்டி, அதற்குக் கிழக்கு வைக்க மறந்துவிட்டார்கள். பூமயிலுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் தடவை, வாசல் கிழக்கே பார்த்திருக்கிறது என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். அவளுக்கென்ன தெரியும்? தன் வீட்டு வாசலைச் சொல்லிவிட்டாள்.

மனுஷனுக்கு உயிர் வந்துவிட்டது. விறுவிறுவென்று நடந்தார். குடத்தை வடகிழக்கு மூலையில் வைத்தார். குடையைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். ஆறையும் யோசிக்காமல் வைத்து முடித்தார். பூமயில் பெருமை தாங்காமல் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆறும் தப்பு என்றார் டாக்டர், மெதுவாக.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் வைத்ததெல்லாம் அவர்கள் வீட்டில் அந்தந்தச் சாமான் இருக்கும் இடம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று நொந்துகொண்டாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் சொன்னதால் இப்படி ஆகவில்லையாம். முதல் இரண்டு தடவையும் ஒன்றும் மனதில் நிற்கவில்லையாம். பழசு அழியாமல் இருக்கிறது, புதுசு ஒட்டமாட்டேன் என்கிறது, இனி இவரைத் தனியே எங்கும் விடாதீர்கள் என்றார். பூமயிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழக்கூட விடவில்லை பாவி மனுஷன். தென்மேற்கு மூலையில் குனிந்து நின்றவர் வாயில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீக. பிரபு தூங்குறான்."

டிவியில் வெறும் சுவர்தான் தெரிந்தது. பிரபு அவர்களுடைய தலைச்சன் பிள்ளை. இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்து முப்பத்தாறு வருஷமாகிறது. அவர்கள் வீட்டில் தொட்டில் அந்த மூலையில்தான் தொங்கியது. அன்றைக்குப் பிறகு இருவரும் ஒருவர் முன் ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னதேயில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றப் போனார். பூமயில் குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள், கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று கெஞ்சினாள். பிறகு எழுந்துபோய் அவரருகே குனிந்து கேட்டாள்.

"ஒடம்பு சுடுதா, தொட்டுப் பாருங்க."

அவர் காற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இல்ல புள்ள. காச்ச விட்டுருச்சு."