விருமாண்டி அனுப்பிய மெயில்

ஃப்ரீசர் பெட்டிக்குக் கரண்ட் எடுக்க ரவுட்டரின் வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். இசைவாணி அந்த வயரைத் தேடவில்லை; அவளுக்கு நெட் வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் கம்ப்யூட்டரை அடுப்படிப் பிளக்கில் சொருகிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அப்பன் செத்துக் கெடக்கான், கம்ப்யூட்டர் கேக்குதா ஒனக்கு?" சித்தப்பா பேயாண்டி நிலைவாசலில் நின்றார். வெளியே கொட்டு முழங்கியது. நாலு மணிக்குத் தத்தனேரி சுடுகாட்டுக்கு எடுப்பதாகப் பேச்சு.

"அப்பா ஒடம்ப மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் குடுத்துருக்காரு சித்தப்பா. எரிக்க விடமாட்டேன்."

"காயிதத்தக் காட்டு. நான் ஏன் வாயத் தொறக்கப்போறேன்?"

காகிதம்தான் இல்லை. பழங்காநத்தத்திலிருந்து ஒத்தக்கடைக்கு வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. கல்லூரியிலும் நகல் கேட்டார்கள். அப்பா அதை மெயிலில் அனுப்பியது அவளுக்குத் தெரியும். ஆனால் அது அவர் வேலை பார்த்த நூற்பாலையின் முகவரி. ஆலையை மூடியபோது முகவரியும் போயிற்று. காலையில் போனில் அதைத் திறக்க நாலு தடவை முயன்றாள். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது.

அப்புறம்தான் அப்பாவின் பழக்கம் நினைவுக்கு வந்தது. அவர் பிரவுசரில் மெயில் பார்த்ததே இல்லை. அதற்கென்று ஒரு புரோகிராம் வைத்திருந்தார். வந்ததும் போனதும் அம்புட்டும் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு ஃபைலில் சேர்ந்துகொண்டிருந்தன.

புரோகிராம் திறந்தது. சர்வரைப் பிடிக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. மூடினாள். 'அனுப்பியவை'யைத் தட்டினாள். பஞ்சு விலை, லாரி தாமதம், பொங்கல் வாழ்த்து என்று ஆறு வருடத்துக் கடிதங்கள் வரிசையாக நின்றன. கல்லூரியின் பெயரைத் தேடலில் போட்டாள்.

ஒரே ஒரு மெயில். இணைப்பைத் திறந்தாள்.

விருமாண்டி என்று சாய்ந்து ஓடும் அப்பாவின் கையெழுத்து. கீழே இரண்டு சாட்சிகள். முதலாவது, ஆலையில் கூட வேலை பார்த்தவர். இரண்டாவது, தடித்த எழுத்தில், பேயாண்டி.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் குனிந்து பார்த்தார். துண்டை எடுத்தார், முகத்தைத் துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"டீக்கடையில வச்சு, கையெழுத்தப் போடுறான்னாரு. போட்டேன். எனக்கு முன்னாடி போவாருன்னு யாருத்தா கண்டா?" குரல் இறங்கியது. "கூடப் பொறந்தவன் சாம்பலக் கரைக்கக்கூட எனக்குக் குடுப்பினை இல்லாமப் போச்சே."

"எனக்கும்தான் சித்தப்பா." மெயிலைப் பென் டிரைவில் ஏற்றினாள். "காலேஜுக்குப் போனப் போடுறேன்."

அவர் வாசல்வரை போய்த் திரும்பி, "வண்டி வர எம்புட்டு நேரமாகும்?" என்று கேட்டார்.

வேனில் இசைவாணி தலைமாட்டிலும் அவர் கால்மாட்டிலும் உட்கார்ந்தார்கள். மேலூர் ரோட்டில் முதல் வேகத்தடை தூக்கிப் போட்டதும் அவர் முன்னால் குனிந்து அண்ணனின் இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொண்டார்.

"மெல்லப் போங்க தம்பி," என்றார் டிரைவரிடம்.

கல்லூரி வாசல்வரை கையை எடுக்கவில்லை.