துருக்கிக்காரனின் முகம்

லூர்துராணி கட்டிக்கொண்டது ஒரு பயில்வானை என்பது கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அவளுக்கே தெரிந்தது. மரவாடியில் வேலை, மருங்காபுரிப் பக்கத்து மாப்பிள்ளை, குடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்கு வருவார் என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னதெல்லாம் உண்மைதான். தேக்குக் கட்டை தூக்கித் தூக்கித்தான் தோள் அப்படி ஆகிவிட்டது என்று இவளும் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம். எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் ஹபீபுல்லா பாய் வீடு தேடி வந்தபோதுதான் குட்டு உடைந்தது.

"தங்கச்சி, அற்புதசாமி போட்டோ ஒண்ணு குடும்மா. சட்டை இல்லாம இருந்தா ரொம்ப நல்லது. வால்போஸ்டர்ல போடணும்" என்றார் பாய்.

பாய் கோடைக்குக் கோடை தென்னூரில் தகரக் கொட்டகை போட்டு ஃப்ரீஸ்டைல் குஸ்தி நடத்துகிறவர். வாய்ஜாலத்திலேயே பாதிக் கொட்டகையை நிரப்பிவிடுவார், மீதிப் பாதியை ஸ்ரீரங்கம் சேஷு நிரப்புவார். ஆமாம், ஸ்ரீரங்கத்து ஐயங்கார்தான். நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு குதிரை வண்டியில் வந்து இறங்குவார். அவர் மேடை ஏறினால் "ரங்கா! ரங்கா!" என்று சனம் போடுகிற சத்தத்தில் தகரம் அதிரும். கடைசி ஜோடி எப்போதும் அவருடையதுதான். ஊரே அந்தக் கடைசி ஜோடிக்காகத்தான் டிக்கெட் வாங்கியது. அதற்கு முன்னால் மோதுகிறவர்களையெல்லாம் கடலை கொறித்துக்கொண்டே பார்ப்பார்கள். சேஷுவோடு மோதப் புதிதாக ஓர் ஆள் வேண்டும் என்றுதான் பாய் வந்திருந்தார்.

லூர்துராணிக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு விஷயம்தான்.

"சட்டை இல்லாமலா? அப்ப கீழே?"

"கீழே ஜட்டிம்மா. குஸ்திக்கு வேட்டியா கட்டுவாங்க?"

அவ்வளவுதான். அன்றைக்கு அவள் அழுத அழுகை இருக்கிறதே! அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மேலப்புதூரில் அவளைத் தெரியாத வீடு கிடையாது. கோயிலுக்குத் திரைச்சீலை, பீடத்துணி எல்லாம் அவள் தையல்தான். மாதா சபைப் பெண்கள் பூசைக்குப் போகிற வழியில், சுவருக்குச் சுவர் தன் புருஷன் ஜட்டியோடு நிற்பதைப் பார்த்தால் என்ன ஆகும்? மானம் மரியாதையோடு இந்த ஊரில் நடமாட முடியுமா?

"வேணாங்க. பங்குல நம்மளச் சிரிப்பாங்க."

"குஸ்தி போடறது ஒண்ணும் திருட்டு இல்லையே ராணி" என்றான் அற்புதசாமி. அவன் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. "சின்ன வயசுலேர்ந்து இதுக்குத்தான் உடம்பை வளர்த்தேன். ஒரு தடவையாவது கடைசி ஜோடியில நின்னு ஜெயிக்கணும். அவ்வளவுதான் என் ஆசை."

அந்த முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்றும் சொல்ல மனம் வரவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் கோயிலில் மாதா, புனிதர் சுரூபங்களை ஊதாத் துணி போட்டு மூடுவார்கள். அந்த வருஷம் தைத்ததில் துண்டு மிச்சம் இருந்தது. உட்கார்ந்து, வெட்டி, கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் வழி விட்டு, பின்னால் நாடா வைத்து ஒரு முகமூடி தைத்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டு என்ன வேணா பண்ணுங்க. உங்க பேரும் வேணாம், முகமும் வேணாம்."

பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் விரிந்துபோயிற்று. "யா அல்லா! தங்கச்சி, நீ மெட்ராஸ்ல இருக்க வேண்டிய ஆளு!"

அடுத்த வாரமே ஊரெல்லாம் போஸ்டர். ஊதா முகமூடி, கீழே 'துருக்கி நாட்டுப் பயங்கர முகமூடி வீரன்.' துருக்கி எந்தத் திசையில் இருக்கிறது என்று பாய்க்கும் தெரியாது, அற்புதசாமிக்கும் தெரியாது. சேஷுவிடம் தோற்றால் முகமூடி கழற்றப்படும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கேட்கவா வேண்டும்? கொட்டகை கொள்ளவில்லை. துருக்கிக்காரன் சேஷுவின் கண்ணில் மண்ணைத் தூவினான், ரெஃப்ரியைத் தள்ளிவிட்டான், சனத்தைப் பார்த்து முஷ்டியைக் காட்டினான். கடைசியில் சேஷு தூக்கி அடித்து முகமூடி நாடாவில் கை வைக்கிற நேரத்துக்கு, கயிற்றுக்கு அடியில் உருண்டு ஓடியே போனான். அடுத்த வாரமும் கூட்டம் வர வேண்டுமே!

பெண்கள் பக்கத்து கேலரியில் உட்கார்ந்திருந்த லூர்துராணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள், "கட்டையில போறவன்! துருக்கியில சோறு கிடைக்கலைன்னு இங்க வந்துட்டான்" என்று மண்ணை வாரித் தூற்றினாள். இவளும் கூடச் சேர்ந்து இரண்டு சாபம் விட்டாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிப் புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த முதல் கோடை அப்படி இருந்தது.

ஒரு கோடை, இரண்டு கோடை என்றால் சரி. வருஷா வருஷம் அதே கதை என்றால்?

எழுபத்தேழில் ஊருக்குள் வெள்ளம் வந்ததே, அதற்கு மறு வருஷம் சேஷுவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பாய் மெல்லப் பேச்சை எடுத்தார். துருக்கி போதும். அற்புதசாமி சொந்த முகத்தோடு, சொந்தப் பேரில் வரட்டும். சேஷு ஒரே ஒரு தடவை அவனிடம் தோற்றுக்கொடுத்தால் போதும், அன்றைக்கே ஊருக்கு ஒரு புது நட்சத்திரம் கிடைத்துவிடும். அற்புதசாமி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம். லூர்துராணியும் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. சனம் திட்டுவது அவளுக்குச் சிரிப்பாக இருந்த காலம் போய்விட்டது. 'அடப் பாவிகளா, அது என் வீட்டுக்காரர்' என்று கத்த வேண்டும்போல நாக்கு துடிக்க ஆரம்பித்திருந்தது.

சேஷு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அற்புதம், நீ தங்கமான பையன். எனக்கே தோத்துட்டா தேவலைன்னுதான் இருக்கு. ஆனா நெத்தியில திருமண் இட்டுண்டு நிக்கறச்சே மண்ணைக் கவ்வினா பெருமாளுக்கு அபசாரம்டா. ஊர்ல என்னை உள்ளே விடுவாளா?"

"அப்ப திருமண் இல்லாம வாங்க சாமி" என்றார் பாய்.

"அப்புறம் என்னை யாருக்கு ஓய் அடையாளம் தெரியும்?"

பேச்சு அதோடு நின்றது. ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்று பாயும் சமாதானமாகிவிட்டார். நொண்டிக்கொண்டே சேஷு ஜெயித்தார். சேலத்திலிருந்து வந்தவன், மதுரையிலிருந்து வந்தவன், உள்ளூர்ப் பையன்கள் என்று யார் தலையெடுத்தாலும் கொண்டுபோய் சேஷு முன்னால் நிறுத்தி, மல்லாத்திப் படுக்கவைத்தார் பாய். இடையிடையே துருக்கி வந்து உருண்டு ஓடினான். முகமூடி கிழியக் கிழிய லூர்துராணி புதுசு தைத்தாள். "அடுத்த கோடைக்கு உன் மூஞ்சிதான் அற்புதம், இன்ஷா அல்லாஹ்" என்று ஒவ்வொரு கோடையும் பாய் சொன்னார். அவரும் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்.

எண்பத்து மூணில் சேஷுவால் குதிரை வண்டியிலிருந்து இறங்கவே முடியவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். அதைப் பார்த்த சனம் முதல் தடவையாக "ரங்கா" என்று கத்தவில்லை. மறுநாள் அவர் பாய்க்குச் சொல்லி அனுப்பிவிட்டார், இனி வரமாட்டேன் என்று.

பாய் தலையில் கைவைத்துக்கொண்டு அற்புதசாமி வீட்டில் வந்து உட்கார்ந்தார். லூர்துராணி கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"கடைசி ஜோடிக்கு ஆள் இல்லம்மா. இத்தனை பெரிய ஜில்லாவுல ஒருத்தன் இல்ல. எல்லாரையும் நான்தான் சேஷு கையால தோக்க வச்சேன். தோத்த மூஞ்சியைப் பாக்க எவன் வருவான்? தோக்காத மூஞ்சி ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி இருக்கு." அற்புதசாமியை நிமிர்ந்து பார்த்தார். "அது உன் மூஞ்சிதான்."

"துருக்கிதான் நான்னு சொல்லிடலாமா பாய்?" என்று கேட்டான் அற்புதசாமி.

"ஐயோ, கொட்டகையைப் பிரிச்சுப் போட்ருவானுங்க! இத்தனை வருஷம் துருக்கின்னு சொல்லிட்டு இப்ப மருங்காபுரின்னா? மூச்சு விடாதே. துருக்கி ஊருக்குப் போயிட்டான், அவ்வளவுதான்."

அப்படித்தான் 'மருங்காபுரிச் சிங்கம் அற்புதசாமி' போஸ்டர் வந்தது. பாலக்கரை, மேலப்புதூர், தென்னூர் என்று எங்கெல்லாம் ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் லூர்துராணி காய்கறிப் பையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. காதோரம் நரை. அதனால் என்ன? அது அவள் வீட்டுக்காரர் முகம், ஆள் உயரத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் மாதா சபைத் தலைவி சகாயம்மாள் வழிமறித்தாள். லூர்துராணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஏன்டி ராணி, உன் வீட்டுக்காரர் இவ்வளவு பெரிய பயில்வானா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! எங்க வீட்டுல எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சு. எம்மாம் பெரிய தோள்டி!" என்று சிரித்தாள். சுற்றி நின்ற பெண்கள் முகத்தில் பெருமைதான் இருந்தது. கேலி மருந்துக்கும் இல்லை.

லூர்துராணி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். இவ்வளவுதானா? இதற்குப் பயந்தா? நான் ஒரு முட்டாள் கழுதை, என் கையால்தானே தைத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, இருந்த ஊதா முகமூடிகளையெல்லாம் வாரி, மிச்சத் துணியையும் சேர்த்து அடுப்பில் வைத்தாள். சாட்டின் துணி நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. அன்றைக்குச் சோறு கொதித்தது அந்தத் தீயில்தான்.

சாயங்காலம் கொட்டகையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எதிராளி சேலத்துக்காரன் ஒருத்தன். பாய் மைக்கில் தொண்டை கிழியக் கத்தினார். அற்புதசாமி மேடை ஏறினான். சகாயம்மாள் வீட்டார் கை தட்டினார்கள். மற்றவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

லூர்துராணிக்கு முதல் ரவுண்டிலேயே தெரிந்துவிட்டது. உடம்பு அதே உடம்புதான், தூக்கி அடிப்பதும் அதே அடிதான். ஆனால் முகம்? பத்து வருஷம் துணிக்குள் கிடந்த முகம் அது. கோபம் வந்தால் தோளைக் குலுக்குவான், வலித்தால் கையை உதறுவான், எல்லாம் கழுத்துக்குக் கீழேதான். முகத்தால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவே இல்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் மாதிரி இருந்தது. சேஷு ஒரு புருவத்தைத் தூக்கினால் கடைசி வரிசைவரை கத்துவார்களே!

"யாருப்பா இது?" என்று ஒரு குரல் கேட்டது.

"துருக்கியைக் கொண்டா!" என்றது இன்னொன்று.

பிறகு கொட்டகை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. "துருக்கி! துருக்கி!" தகரம் அதிர்ந்தது. சேஷுவுக்கு அதிர்ந்த மாதிரியேதான்.

மேடையில் இருந்த அற்புதசாமி அந்தப் பெயர் காதில் விழுந்ததும் சட்டென்று திரும்பி, பழக்க தோஷத்தில், சனத்தைப் பார்த்து முஷ்டியை ஓங்கினான். ஓங்கின கை அப்படியே நின்றது. மெல்ல இறக்கிக்கொண்டான். லூர்துராணியால் அதைப் பார்க்க முடியவில்லை, குனிந்துகொண்டாள்.

அவன் ஜெயித்தான். ஜெயித்ததைப் பார்க்கப் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள். அற்புதசாமி சட்டை போட்டு, ஈரத்தலையைச் சீவியிருந்தான். பக்கத்தில் நின்ற பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவனிடமே பேச்சுக் கொடுத்தார்.

"நீங்களும் குஸ்தி பாத்துட்டா வர்றீங்க? தண்டம்ங்க. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சக்கரைங்கற மாதிரி எவனையோ புடிச்சுப் போட்டிருக்கான். அந்தத் துருக்கிக்காரன் இருந்தானே, அவன்ல ஆளு! சேஷுகூட அவன் முன்னால ஒண்ணுமில்லீங்க. அவனைப் பாக்கத்தான் நான் வருஷா வருஷம் லால்குடியிலேர்ந்து வருவேன்."

லூர்துராணிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மூச்சு விடாதே என்று பாய் சொன்னதாவது, மண்ணாவது!

"ஐயா, அது இவர்தாங்க! அந்தத் துருக்கி இவர்தான். என் வீட்டுக்காரர்."

பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பீடிப் புகையோடு சிரித்தார். "போங்கம்மா, விளையாடாதீங்க. அவன் கண்ணே வேற மாதிரி இருக்கும். நம்ம ஊர்க்காரனுக்கு அந்தக் கண்ணு வருமா?"

"சத்தியமாங்க" என்றாள். அழுகை வந்துவிட்டது.

அற்புதசாமி அவள் கையைப் பிடித்து அழுத்தினான். "ஆமாங்க பெரியவரே, அவன் நல்ல ஆட்டக்காரன்தான்" என்றான். பஸ் வந்தது. பெரியவர் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அற்புதசாமி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பாய் அடுத்த வாரம் துருக்கி திரும்பி வர்றான்னு போஸ்டர் அடிக்கப் போறாராம். நானும் சரின்னுட்டேன்" என்றான். "பெட்டியில முகமூடி இருக்குல்ல?"

"எரிச்சுட்டேங்க" என்றாள். "காலையில. எல்லாத்தையும்."

அவன் திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி, போகட்டும். நாளைக்குப் பெரியகடை வீதியில துணி வாங்கிக்கலாம். அளவுதான் உனக்குத் தெரியுமே."

தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனாலும் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அவன் எதிரே நின்றாள். நெற்றியில் வைத்தாள், காதோரம் இறக்கினாள், கன்னத்தைச் சுற்றிக் கொண்டுவந்தாள். டேப் எப்போதோ கீழே விழுந்துவிட்டது. கை மட்டும் அந்த முகத்தைவிட்டு வர மறுத்தது.

"எவ்வளவு நேரம் அளப்பே ராணி?" என்றான் அற்புதசாமி.

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள்.