கிட்டாரை ஏன் வெளியே வைக்கிறார்கள்?

அவள் பாடிய முதல் ஞாயிற்றுக்கிழமையே ஸ்பானருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. எட்டு மாதம் ஆகியும் அணையவில்லை.

ஸ்பானர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பஸ் டிப்போவில் பதினெட்டு வருஷமாக மெக்கானிக். மலை முழுக்க அவனை அப்படித்தான் கூப்பிடும். கம்பளிக் கிடங்கில் ஞாயிறு மதியக் கச்சேரியை ஆரம்பித்து வைத்ததும் அவன்தான். முதல் வாரம் கேட்க வந்தவர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் மூட்டை தூக்க வந்தவர்கள், மழை விடட்டும் என்று நின்றார்கள். அந்தப் பதினோரு பேரை இருநூறு பேராக்க அவனுக்கு ஆறு வருஷம் பிடித்தது. விரல் நுனியெல்லாம் காய்த்துப் போனது.

அப்புறம் அவள் வந்தாள். கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த பெண், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஊர் அவளுக்கும் ஒரு பெயர் வைத்தது: எக்ஸ்ரே. "ஆஸ்பத்திரியில மூச்சைப் பிடிங்கன்னு அவ சொல்லணும். இங்க அவ பாடினா தானாப் பிடிச்சுக்குது" என்று கிடங்கு மேனேஜர் மைக்கிலேயே சொன்னார். இருநூறு பேரும் சிரித்தார்கள். நல்ல ஜோக்குதான். அதனால்தான் ஸ்பானருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷத்தில் அவனைப் பற்றி யாரும் ஒரு ஜோக்குகூடச் சொன்னதில்லை.

அதைவிடக் கொடுமை, அவள் பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தாள். மலை ஏறும்போது முக்கி முனகும் பஸ், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் ஜனம், கொண்டை ஊசி வளைவில் ஒருவர்மேல் ஒருவர் சரிவது, எல்லாம் அதில் இருந்தது. பஸ்ஸைப் பற்றிப் பாட்டு எழுத வேண்டியவன் யார்? தினமும் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடப்பவனா, எட்டு மாதம் டிக்கெட் வாங்கியவளா? அவனுக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்து யோசித்து ஒரு வாரம் அவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நல்லாப் பாடுறா இல்ல?" என்றாள் அவன் மனைவி.

"பரவால்ல. தாளம் கொஞ்சம் ஓடுது."

"எனக்கு ஓடின மாதிரி தெரியலையே."

"உனக்கு என்ன தெரியும்?"

மனைவி குழந்தைகள் பள்ளியில் டீச்சர். பொம்மைக்குச் சண்டை போடுகிற முகங்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள். அவன் முகத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, காய் நறுக்கப் போய்விட்டாள்.

இதெல்லாம் சில்லறை எரிச்சல். பெரிய விஷயம் இந்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. கீழே ஏரிக்கரை அரங்கத்தில் வருஷா வருஷம் மூன்று நாள் பாட்டுக் கச்சேரி நடக்கும். பல ஊர்க் கலைஞர்கள் வருவார்கள், ஆயிரக்கணக்கில் ஜனம் வரும். இந்த வருஷம் மலைக்காரர்களில் ஒருவருக்கு, ஒரே ஒருவருக்கு, அரை மணி நேரம் தருவதாகச் சொன்னார்கள். ஆளைப் பொறுக்குவதற்கு அங்கிருந்து ஓர் அம்மாள் நேரிலேயே வருகிறார். ஸ்பானருக்கு வயது நாற்பத்திரண்டு. இது தப்பினால் அடுத்தது கிடையாது என்பது அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரியும்.

கூட்டம் தாங்காது என்று மேனேஜர் மேடையைக் கிடங்குக்கு வெளியே, லாரியில் மூட்டை ஏற்றும் திண்டுக்கு மாற்றிவிட்டார். பனிக்காலம். வெயில் இருந்தும் மூச்சு விட்டால் புகை வந்தது. உள்ளே ஆபீஸ் அறையில் அடுப்பு எரிந்தது. பாடுகிறவர்கள் அங்கே கை காய்ச்சிக்கொள்வார்கள். ஆனால் கிட்டார்கள் மட்டும் வெளியே தாழ்வாரத்தில், பெட்டி திறந்தபடி, பாடுவதற்கு அரை மணி முன்னாலேயே குளிரில் கிடக்கும். சூட்டில் சுருதி சேர்த்த கிட்டாரைக் குளிருக்குக் கொண்டுபோனால் கம்பி சுருங்கும், சுருதி ஏறும். அதுவும் ஒழுங்காக ஏறாது, ஒவ்வொரு கம்பியும் அதன் இஷ்டத்துக்கு ஏறும். அதனால் முதலில் குளிரவிட்டு, குளிரிலேயே சுருதி சேர்ப்பது. மலையில் வாசிக்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

எக்ஸ்ரேக்குத் தெரியாது. கோடையில் வந்தவள், பனி விழுந்ததிலிருந்து கிடங்குக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தவள்.

முதலில் பாடப் போகும் அக்கா தங்கை இருவரும் வெளியே போய்விட்டார்கள். அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். அவள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கிட்டாரை வைத்துக் கொண்டு, அக்கறையாகச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, எல்லாரும் கிட்டாரை ஏன் வெளிய வைக்கிறாங்க?"

சொல்ல அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாய்வரை வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது வெளியே மேனேஜர் மைக்கில், "இவங்களுக்கு அடுத்து நம்ம எக்ஸ்ரே!" என்றார். அக்கா தங்கை இன்னும் மேடை ஏறவே இல்லை, அதற்குள் ஜனம் அவளுக்குக் கை தட்டியது.

"உள்ள இடம் பத்தாதும்மா. அதான்" என்றான் ஸ்பானர்.

"அப்ப நான் இங்கயே வச்சுக்கிறேன்" என்று அவள் சிரித்தாள்.

அவள் முறை வந்தது. முதல் பாட்டு எப்படியோ ஒப்பேறியது. இரண்டாவது பஸ் பாட்டு. நாலு வரி போவதற்குள் கிட்டார் ஒரு பக்கம் இழுத்தது, குரல் ஒரு பக்கம் இழுத்தது. அவள் நிறுத்தி, கம்பிகளை முறுக்கித் திரும்ப ஆரம்பித்தாள். மறுபடியும் அதே கதை. மூன்றாவது தரம் நிறுத்தியபோது கூட்டத்தில் யாரோ இருமினார்கள், யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். முன்வரிசையில் ஏரிக்கரை அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்பானருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன், அப்படித்தான் இருந்தது.

"அவ கிட்டாரை வெளிய வைக்கலையா?" பக்கத்தில் நின்ற மனைவி கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்?"

அந்த நேரம் பார்த்து எக்ஸ்ரே மைக்கிலேயே கூப்பிட்டாள். "ஸ்பானர் அண்ணா, உங்க கிட்டாரைக் கொஞ்சம் தர்றீங்களா? இது என் பேச்சைக் கேக்கல."

அத்தனை தலைகளும் திரும்பின. கொடுக்காமல் எப்படி இருக்க முடியும்? கொடுத்தான்.

அவள் பஸ் பாட்டை முழுக்கப் பாடினாள். அது அவன் கிட்டார்தான். இருபது வருஷமாகத் தோளில் சுமந்த கிட்டார். அதற்குள் இப்படி ஒரு சத்தம் இருந்தது அவனுக்குத் தெரியாது. கொண்டை ஊசி வளைவு வந்தபோது ஜனம் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கட்டிய பெண்டாட்டி வேறொருவன் ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்ப்பவன்போல அவன் நின்றான்.

அதற்குப் பிறகு அவன் பாடினான். ஒரு பிசிறு இல்லாமல் பாடினான். ஆறு வருஷ அனுபவம் கைகொடுத்தது. கைதட்டலும் குறைவில்லை.

கூட்டம் கலையும்போது ஏரிக்கரை அம்மாள் அவனிடம் வந்தார். "அந்தப் பொண்ணுக்குக் குரல் இருக்கு. ஆனா வெளி மேடைன்னா எப்படித் தயாராகணும்னே தெரியல. அங்க ஆயிரக்கணக்குல ஜனம். நிறுத்தி நிறுத்தி வாசிச்சா எந்திரிச்சுப் போயிடுவாங்க. நீங்க வாங்க."

"சரிங்க" என்றான் ஸ்பானர். குரல் நடுங்கியது. சந்தோஷத்தில் என்று அந்த அம்மாள் நினைத்திருப்பார்.

அவர் ஜீப்பை நோக்கிப் போனதும் எக்ஸ்ரே வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "உங்களுக்குக் கிடைச்சது சந்தோஷம்ணா. நிஜமாத்தான் சொல்றேன்."

"ம்."

"மேடையை விட்டு இறங்கினதுமே முதல்ல பாடின அக்கா சொன்னாங்க, கிட்டாரைக் குளிர வைக்கிற விஷயம்." அவள் பெட்டியின் கொக்கியைப் பூட்டினாள். "அப்புறம் ஏரிக்கரை அம்மாவும் கேட்டாங்க, இங்க யாரும் உனக்குச் சொல்லித் தரலையான்னு. நான் யாரையும் கேக்கலைன்னு சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. பெட்டியை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

திட்டியிருந்தால் அவன் திருப்பித் திட்டியிருப்பான். அழுதிருந்தால் தேற்றியிருப்பான், தேற்றி ஜெயித்திருப்பான். இவளோ எல்லாம் தெரிந்தே அவனைக் காப்பாற்றிவிட்டுப் போகிறாள். பாட்டில் ஒரு படி மேலே நின்றது போதாது என்று இதிலுமா? எட்டு மாதத்து எரிச்சல் எல்லாம் சேர்ந்து இப்போதுதான் கொழுந்துவிட்டு எரிந்தது.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. ஸ்பானர் ஓடினான். முற்றத்தில் மடக்கிக்கொண்டிருந்த நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, வண்டிக் கண்ணாடியைத் தட்டினான்.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லிச்சுங்க" என்றான் மூச்சிரைக்க. "அவ கேட்டா. என்னைத்தான் கேட்டா. நான்தான் வேணும்னே சொல்லல."

அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். முகம் சுருங்கியது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்குப் போகும் பாதையில், பெட்டியைத் தோளில் மாட்டி நடந்துகொண்டிருந்தவளின் பக்கத்தில் போய் ஜீப் நின்றது. கதவு திறந்தது.

மனைவி அவன் அருகில் வந்து நின்றாள். "என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"உண்மையைச் சொன்னேன்."

அவள் அவன் தோளில் கை வைத்தாள். ஆறு வருஷக் கச்சேரியில் ஒருநாளும் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. "பெரிய மனசுங்க உங்களுக்கு."

"பெரிய மனசும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றான் ஸ்பானர், ஜீப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லவங்கற பேரையும் அவளே எடுத்துக்கிட்டுப் போறா. பொறுக்க முடியல."