ஒரே அட்டையில் இரண்டு கங்கம்மா

ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள்தான் என்று முடிவான அன்றுதான் மனித நாகரிகம் தொடங்கியது. நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 2008 ஜூலையில், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் மாடியில், பழவேற்காட்டிலிருந்து வந்த எட்டுப் பெண்களுக்கு முன்னால் கரும்பலகையில் எழுதியே சொன்னேன். அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அது ஒரு கூட்டுத் திட்டம். பழவேற்காட்டு மகளிர் குழுக்கள் ஆள் அனுப்பும். கல்லூரி மூன்று மாதம் பாடம் சொல்லும். சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு தொழிற்சாலை வேலை கொடுக்கும். காருக்குள் ஓடும் மின்கம்பிகளை நிறம் பார்த்துச் சேர்த்துக் கட்டும் வேலை. மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டபோது நான்தான் மைக் பிடித்தேன். திட்டத்தைக் கவனித்த இராமலிங்கம் சார் அதைப் பார்த்துவிட்டு, "டேய் தீனா, நீ சும்மாவே பேசுற. அதையே வகுப்புல பேசு, சர்டிபிகேட் தரேன்" என்றார். இறுதியாண்டு மாணவனான நான் ஆளுமை மேம்பாட்டு ஆசிரியன் ஆனது இப்படித்தான்.

எட்டுப் பேரில் மூத்தவர் கங்கம்மா. வயது முப்பத்தெட்டு. ஏரியின் முகத்துவாரம் மண்ணடைத்துப்போன பிறகு இறால் குறைந்து, வீட்டில் வலை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து பெஞ்சில் ரமீஸா. கணவரின் கருவாட்டுக் கடை மூடிய பிறகு வந்தவர். எதையும் ஒருமுறைதான் கேட்பார், இரண்டாம் முறை நமக்கே சொல்லிக்கொடுப்பார்.

அக்டோபரில் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. உலகம் முழுக்கக் கார் விற்பனை படுத்துவிட்டதால், எட்டுக்குப் பதில் நான்கு பேரைத்தான் எடுக்க முடியும்.

"எட்டு பேரு. நாலு வேல. யாரு போறது சாரு?" என்றார் கங்கம்மா.

"போட்டி போடணும்மா. அதுக்குத்தான் இந்த க்ளாஸே."

"யாருகூட? ரமீஸாகூடவா?"

"ஆமா."

அவர் ரமீஸாவைப் பார்த்தார். ரமீஸா அவரைப் பார்த்தார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்ததாகச் சொல்ல முடியாது.

"எங்க ஏரியில பாடுன்னு ஒண்ணு கீது சாரு. நல்ல மீனு உழற எடம் கொஞ்சம்தான். அல்லாரும் ஒரே நாள்ல வல கட்ட முடியாது. அதனால சீட்டு எழுதிப் போட்டு எடுப்பாங்கோ. இன்னிக்கி உனுக்கு, நாளிக்கி எனுக்கு. சண்ட கெடியாது."

நான் விடுவேனா? "சூப்பர்ம்மா. அப்ப கலெக்டர் ஆபீஸ்லயும் பாடு வச்சிடலாம். திங்கக்கிழம ஒரு கலெக்டர், செவ்வாக்கிழம ஒரு கலெக்டர். புதன்கிழம நீங்களே வந்துடுங்க" என்றேன். பின் வரிசையில் வேடிக்கை பார்க்க வந்திருந்த என் நண்பன் அஹ்சன் மேசையைத் தட்டிச் சிரித்தான். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. கங்கம்மா மட்டும் நோட்டில் ஏதோ எழுதினார்.

மறுவாரம் நான்கு பெயர்களை அவர்களே கொடுத்தார்கள். முதல் பெயர் கங்கம்மா. மற்ற நால்வரும் முகம் சுளிக்கவில்லை, அழவும் இல்லை. இவ்வளவு பக்குவம் என் வகுப்பால்தான் வந்தது என்று நான் நம்பினேன். இராமலிங்கம் சாரிடமும் சொன்னேன். அவரும் நம்பினார்.

பொங்கலுக்கு முன் சனிக்கிழமை தொழிற்சாலையில் விழா. சாருக்கும் எனக்கும் அழைப்பு. அன்றுதான் நான்கு பேருக்கும் வேலையை உறுதி செய்யும் கடிதம் தருவதாக இருந்தது. குடும்பத்தாரும் வரலாம் என்பதால் பழவேற்காட்டிலிருந்து ஒரு கூட்டமே வந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மனிதவள அதிகாரி தேவதர்ஷினி மேடம் மைக்கைப் பிடித்தார். "இந்தக் காலாண்டின் சிறந்த பணியாளர். மூணு மாசத்துல ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் இல்ல. ஒரு நாள்கூட லீவ் இல்ல. கங்கம்மா!"

கைதட்டல். ஊழியர் வரிசையில் நீலத் தொப்பி போட்ட ஒரு பெண் எழுந்தார். குடும்பத்தார் வரிசையில் கேசரித் தட்டோடு இன்னொரு பெண் எழுந்தார்.

கைதட்டல் பாதியில் நின்றது.

தொப்பி போட்டவர் ரமீஸா. கேசரித் தட்டு கங்கம்மா. தன் பெயர் என்பதால் கங்கம்மா எழுந்திருக்கிறார். மூன்று மாதமாக அந்தப் பெயருக்குத் திரும்பிப் பழகியதால் ரமீஸா எழுந்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

என் வாய் திறந்திருந்ததை இராமலிங்கம் சார் முழங்கையால் இடித்து உணர்த்தினார். அவர் வாயும் திறந்துதான் இருந்தது.

ஐந்து நிமிடத்தில் நாங்கள் எல்லோரும் மேடத்தின் அறையில் நின்றோம். யார் ரமீஸா, யார் கங்கம்மா என்பதை வழியிலேயே கங்கம்மா சொல்லிவிட்டிருந்தார். மேசைமேல் நான்கு கடிதங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் அடையாள அட்டை. அதிலிருந்த படத்தில் ஒரு நீலத் தொப்பியும் அதற்குக் கீழே கொஞ்சம் இருட்டும் தெரிந்தன. அது கங்கம்மாவாகவும் இருக்கலாம், ரமீஸாவாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

"நாலு அட்டையிலயும் இப்படித்தானா?" என்று கேட்டார் மேடம்.

"ஆமாம்மா. ஒரு வாரம் நாங்கோ, ஒரு வாரம் அவுங்கோ. சீட்டு போட்டுதான் எடுத்தோம். சம்பளமும் பாதிப் பாதி" என்றார் கங்கம்மா, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே க்ளாஸ் எடுத்தது? இதையா சொல்லிக் கொடுத்தீங்க?"

நான் பதில் தேடுவதற்குள் கங்கம்மா பையிலிருந்து நோட்டை எடுத்து என் வாசகம் இருந்த பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "சாரு மேல தப்பு இல்லம்மா. ஒரு நாற்காலிக்கி ஒரு ஆளுன்னு சொன்னாரு. நாங்க ஒரு நாள்கூட ரெண்டு பேரா குந்தல."

ரமீஸா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா அழுகையை அடக்கினாரா, தெரியவில்லை.

மேடம் சிரிக்கவில்லை. "கங்கம்மா, கம்பி முனைய அழுத்துற அந்த ப்ரெஸ் மெஷின்ல ரமீஸா கை மாட்டியிருந்தா? ஈ.எஸ்.ஐ. இன்ஷூரன்ஸ் உங்க பேர்ல இருக்கு. ஆஸ்பத்திரியில அவங்கள யாருன்னு எழுதியிருப்பாங்க? கை போனது ஒருத்தருக்கு, பணம் வர்றது இன்னொருத்தருக்கா?"

கங்கம்மாவின் முகம் மாறியது. அதை அவர் யோசித்திருக்கவில்லை. யாருமே யோசித்திருக்கவில்லை. அவர் ரமீஸாவின் கையைப் பார்த்தார். இரண்டு கைகளையும்.

"அது தப்புதாம்மா" என்றார் மெதுவாக. "கார்டு என் பேர்ல கீது. என்ன அனுப்பிடுங்கோ. ரமீஸா இருக்கட்டும். வேல நல்லா செய்யும்."

"அதெல்லாம் வாணாம்மா" என்றார் ரமீஸா. அதுவரை பேசாதவர். "ஏரியில எங்க ஊட்டு ஆம்பளைங்களுக்கே பாடு கெடியாது. நாங்க மீனு வாங்கி விக்கிறவங்க. பொம்பளைங்களுக்கு யாருக்குமே கெடியாது, கங்கம்மாக்காவுக்கும் சேத்துதான். அது ஆம்பள விசயம். மொத மொத எனுக்கு ஒரு பாடு வந்தது இந்தக் கம்பெனிலதான். அக்கா உட்டுக் குடுத்து வந்தது. அக்கா போனா நானும் போறேன்."

ஏரியைப் பற்றி எனக்கு இது தெரியாது. திங்கட்கிழமைக் கலெக்டர் வேடிக்கை அப்போது எனக்கே ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

மேடம் வருகைப் பதிவேட்டை இழுத்துப் பிரித்தார். அந்தப் பிரிவில் அறுபது பெயர்கள். ஒவ்வொரு வரியிலும் சிவப்பு மையில் விடுப்புக் குறி அம்மை போட்டதுபோலக் கிடந்தது. காய்ச்சல், கல்யாணம், பெரியபாளையத்துக் கோயில், மறுபடி காய்ச்சல். நான்கு வரிகளில் மட்டும் சிவப்பே இல்லை. அவர் விரலை அந்த நான்கு வரிகளிலும் ஓட்டிவிட்டு நிமிர்ந்தார். அன்று அந்த அறையில் கடைசியாக அதிர்ந்தவர் அவர்தான்.

"உடம்பு சரியில்லன்னா?"

"மத்தவ வந்துருவா. பாடு காலியா இருக்கக் கூடாதும்மா" என்றார் கங்கம்மா.

மேடம் போனை எடுத்து ஆலை மேலாளரிடம் பேசினார். ஒரு கட்டத்தில் "சார், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, உக்காந்துக்கோங்க" என்றார். போனை வைத்துவிட்டு நான்கு கடிதங்களையும் கிழித்தார். ரமீஸா கண்ணை மூடிக்கொண்டார்.

"எட்டு லெட்டர் அடிக்கச் சொல்றேன். ஆளுக்குப் பாதி மாசம். எட்டு கார்டு, எட்டு ஈ.எஸ்.ஐ. நம்பர். இனிமே அவங்கவங்க சொந்த மூஞ்சோட வரணும். புரியுதா?"

"பரிசு யாருக்கும்மா?" என்று கேட்டார் கங்கம்மா.

பரிசு ஒரு குக்கர். அது இப்போது பழவேற்காட்டில் வாரம் ஒருமுறை வீடு மாறுவதாகக் கேள்வி.

இதோடு முடித்திருந்தால் எனக்கு நல்லது.

மே மாதம், எனக்கு வேலை தருவதாகச் சொன்ன மென்பொருள் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பொருளாதாரச் சூழல் காரணமாகச் சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும். அஹ்சனுக்கும் அதே மின்னஞ்சல், பெயர் மட்டும் வேறு. என் ஆளுமை மேம்பாடு என்னைக் கைவிட்டது. படுத்துவிட்டேன்.

இராமலிங்கம் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பழவேற்காட்டிலிருந்து வரும் இரண்டாம் அணிக்குச் சம்பளத்தோடு ஒரு பயிற்றுநர் வேண்டும். "ஒரு போஸ்ட்தான்டா. ரெண்டு பேருக்கும் ஒரே மார்க். உங்களுக்குள்ள பேசிக்கினு வெள்ளிக்கிழம சொல்லுங்க."

நாங்கள் பேசவில்லை. கேன்டீனில் அவன் வடக்குப் பக்கம் உட்கார்ந்தான், நான் தெற்குப் பக்கம். நான்கு வருடத்தில் முதல்முறையாக அவன் காலை நாஷ்டாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, இரண்டாம் அணியின் பெயர்ப் பட்டியலோடு ரமீஸா கல்லூரிக்கு வந்திருந்தார். அது அவருக்கு ஓய்வு வாரம். சாருடைய அறை வாசலில் அஹ்சன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டாக்கினேன். ஒன்றில் அவன் பெயர், ஒன்றில் என் பெயர். மடித்து, என் டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுக் குலுக்கி, ரமீஸாவிடம் நீட்டினேன். அஹ்சன் திரும்பிப் பார்த்தான். அவன் மேசை தட்டிச் சிரித்த அதே வாய் இப்போது திறந்தபடி நின்றது.

ரமீஸா சீட்டுகளைப் பார்த்தார், பிறகு என்னை. கலெக்டரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"வாரமா, மாசமா சாரு?" என்று மட்டும் கேட்டார்.

"மாசம்" என்றேன்.