நத்தைப் பெண் போகவில்லை

என் கணவர் தரையைப் பார்த்துக் கவிழ்ந்து படுத்த பிறகுதான் நான் சீனக் கதைகள் வாசிக்கத் தொடங்கினேன். அதற்கு முன் நான் வாசித்ததெல்லாம் இடுப்பளவும் கை நீளமும்தான். கடைத்தெரு முனையில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். இறுக்குவதைப் பிரித்து விடுவது, தொளதொளப்பதைப் பிடித்துத் தைப்பது, இதுதான் என் பிழைப்பு. அவருடையது பிழை திருத்துவது. அடுத்தவர் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூடத் தன் இஷ்டத்துக்கு மாற்ற மாட்டார், மாற்றியவரைச் சும்மா விடவும் மாட்டார். பதிப்பகத்தில் அவரைப் 'புள்ளி சார்' என்பார்கள். யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் தேதியைப் பார்ப்பதற்கு முன் பேனாவைத் தேடுகிற ஆள்.

அந்த ஆளுக்கு வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. இடது கண் சின்ன வயதிலிருந்தே பேருக்குத்தான். ஆள் வருவது தெரியும், யாரென்று தெரியாது. ஆக, இருந்தது ஒரே கண். ஆபரேஷன் செய்த டாக்டர் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை விட்டிருந்தார். அந்தக் குமிழ் மிதந்து எழும்பித் திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதற்கு முகம் எந்நேரமும் கீழே பார்த்தபடியே இருக்க வேண்டுமாம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அப்படியேதான்.

"திரை ஒட்டிக்கும்னு நம்பறேன்," என்றார் டாக்டர். "ஆனா படிக்கிற அளவுக்குப் பார்வை வருமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா. குமிழ் கரையட்டும், பார்ப்போம்."

யார் செய்த தப்பு இது என்று கேட்டேன். யார் தப்பும் இல்லை, சிலருக்கு இப்படி ஆகும் என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவே இல்லை. எனக்குத் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தலையணையின் நடுவில் வட்டமாக வெட்டி, விளிம்பை மடித்துத் தைத்து, முகம் பதிக்கத் தோதாகச் செய்து கொடுத்தேன். கட்டிலின் ஓரத்தில் அதை வைத்து முகத்தைப் புதைத்துக்கொள்வார். நான் தரையில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் ஓட்டை வழியாக மூக்கும் வாயும் தெரியும். சூப்பை உறிஞ்சு குழல் வைத்துக் கொடுப்பேன். உப்புக் குறைவு என்று அந்த ஓட்டையிலிருந்து குரல் வரும். அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. எதற்கும் ஒரு திருத்தம் சொல்லாமல் இருக்க முடியாத மனிதர் வாயை மூடிக்கொண்டு கிடந்தார். இனிமேல் படிக்கவே முடியாது என்று தனக்குள் முடிவு கட்டிவிட்டார் என்று புரிந்தது.

அப்போதுதான் பதிப்பாளர் போன் செய்தார். சீன நாட்டுப்புறக் கதைகளின் அச்சுப்படி என் கணவர் மேசைமேல் பாதியில் நின்றிருந்தது. "சார், நீங்க ஓய்வெடுங்க. நான் வேற ஆள்கிட்ட கொடுத்துடறேன்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் தலையணைக்குள்ளிருந்து வந்த குரல் கேட்டு நானே திடுக்கிட்டேன்.

"கண்ணுலதான் ஆபரேஷன். காது நல்லாத்தான் இருக்கு. இவ வாசிப்பா, நான் திருத்தறேன்."

அந்தக் காலத்தில் அச்சகங்களில் இப்படித்தான் வேலை நடக்குமாம். ஒருவர் புள்ளி, கமா விடாமல் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் சரிபார்ப்பாராம். என்னைக் கேட்காமலே என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டார். கோபம் வந்தது. ஆனால் அவர் பேசியதில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்ததும் உண்மை. காலையில் கடை திறப்பதற்கு முன்பும், சாயங்காலம் அடைத்த பிறகும் பென்சிலும் கையுமாகத் தரையில் உட்கார்ந்தேன்.

"ஒரு ஊரில் ஒரு ஏழை உழவன் இருந்தான் முற்றுப்புள்ளி."

"பாட்டு மாதிரி இழுக்காத. அடுத்தது."

அந்த உழவன் வயலில் கிடைத்த பெரிய நத்தை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர்ப் பானையில் விடுகிறான். மறுநாள் வேலை முடிந்து திரும்பினால் அடுப்பில் சுடச்சுடச் சோறு தயாராக இருக்கிறது. வீடு பெருக்கியிருக்கிறது. தினமும் இதே கதை. யாரென்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்கிறான். ஒருநாள் பாதி வேலையில் திரும்பி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறான். நத்தை ஓட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து அடுப்பை மூட்டுகிறாள்.

இந்த இடத்தில் தலையணைக்குள் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மனிதர் பிழை பார்ப்பதை விட்டுவிட்டுக் கதை கேட்டுக்கொண்டிருந்தார். என் கண் அடுத்த வரிக்குப் போனது. 'நீ பார்த்துவிட்டாய். இனி நான் இங்கே இருக்க முடியாது. அவள் போனாள்.'

பார்த்ததற்காகப் போவாளா? பார்வை போய்க் கிடக்கிற மனிதருக்கு இதையா வாசிப்பது? என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"நீ பார்த்துவிட்டாய் முற்றுப்புள்ளி. அதனால் என்ன கேள்விக்குறி. அவள் போகவில்லை முற்றுப்புள்ளி. அவனோடேயே இருந்தாள் முற்றுப்புள்ளி."

"ம்," என்றது தலையணை. "நல்லா இருக்கே."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒருமுறை பிரித்து விட்ட தையலை அப்படியே விட முடியாது, சுற்றி முழுக்கப் பிரித்தாக வேண்டும். மனைவியாக வந்த நரிப் பெண் காட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் அவளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். வானத்து ஆற்றின் இரண்டு கரையிலும் பிரிந்து நிற்கும் கணவன் மனைவிக்குப் பறவைகள் வருஷத்துக்கு ஒருமுறை பாலம் கட்டுமாம். என் வாசிப்பில் பறவைகள் பாலத்தைக் கலைக்காமல் அங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டன. கண் வரையாமல் டிராகன் படம் போடுகிற ஓவியனின் கதை வந்தபோது, அச்சில் இரண்டு பக்கம் காணோம் என்று சொல்லித் தாண்டிவிட்டேன். கண் சம்பந்தப்பட்ட எதையும் அந்த வீட்டில் வாசிப்பதாக இல்லை.

ஆனால் அசல் முடிவுகளை நான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன் அல்லவா? கடையில் ஊசியில் நூல் கோர்க்கும்போதெல்லாம் அவை வந்து தொந்தரவு செய்தன. இந்தக் கதைகளில் கெட்டவர்கள் அதிகம் இல்லை. உழவன் நல்லவன், நத்தைப் பெண்ணும் நல்லவள். ஏதோ ஒரு விதி இருக்கிறது, அதை யார் போட்டார்கள் என்று கதை சொல்வதில்லை. அவள் போகிறாள். திட்டுவதற்கு ஆளே இல்லை. டாக்டர் சொன்னது மாதிரியே இருந்தது. எனக்கு அந்தச் சீனக் கதைகள்மேல் பயம் வந்துவிட்டது.

அவர் உற்சாகமாகிவிட்டார். "இந்த வரியில 'மிக'ன்னு ரெண்டு தடவை வருது, ஒண்ண அடி," என்பார். சூப்பில் உப்புக் குறை சொல்வதைக்கூட மறந்தார். அதெல்லாம் எனக்கு நிம்மதிதான். ஒருநாள் கடையிலிருந்து வந்தபோது கவிழ்ந்த வாக்கிலேயே போனில் யாரையோ பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாக் கதையும் ஒரே மாதிரி சந்தோஷமா முடியுது, சார். யாருமே பிரியறதில்ல. இது சீனக் கதையா, சர்க்கரைத் தண்ணியா? மொழிபெயர்த்த அம்மா முடிவையெல்லாம் மாத்தி எழுதியிருக்காங்க. இது மோசடி. ரெண்டு பக்கத்த வேற முழுங்கிட்டாங்க."

எதிர்முனையில் பதிப்பாளர். நான் சத்தமில்லாமல் சமையலறைக்குள் நழுவினேன்.

மறுநாளே அந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா வந்து நின்றார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் தன் கையெழுத்துப்படி. முழங்கால்வரை நனைந்திருந்தார், வெளியே நல்ல மழை. "புள்ளி சார் எங்க? பல வருஷம் சீனாவுல உட்கார்ந்து பாஷை கத்துக்கிட்டு வந்தவ நான். மோசடியா? எந்த வரியில மோசடின்னு காட்டச் சொல்லுங்க!"

"கத்தாதீங்கம்மா, அவர் இப்பத்தான் அசந்தார்," என்று அவரைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். அடுப்புப் பக்கம் நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினேன். கதவிடுக்கு வழியாக அவர் எட்டிப் பார்த்தார். கட்டிலில் குப்புறக் கிடக்கும் ஆளையும் தலையணை ஓட்டையையும் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"பறவைங்க கூடு கட்டிடுச்சா?"

"ஆமா."

"குஞ்சு பொரிச்சுதா?"

"பொரிச்சுது."

வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு அழுதுவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். சிரிப்பு அடங்கியதும் குரல் கறாராகிவிட்டது.

"இங்க பாருங்கம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா என் பேரு போகுது. பதிப்பாளர் அச்ச நிறுத்தி வெச்சிருக்கார். உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்கதான் உண்மையச் சொல்லணும்."

"கண் டாக்டர் பார்த்ததும் சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி என்னால முடியாது."

"ஏன்?"

"படிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டா, இதையும் சேர்த்து எப்படிச் சொல்றது? கடைசியா அவர் பார்த்த வேலையே பொய்னு ஆயிடுமே."

அவர் மறுபடி கதவிடுக்கைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப்படியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அதுவரை பொறுத்திருப்பதாகச் சொன்னார். வாசலில் திரும்பி, "அந்த டிராகன் கதைய முழுங்கினத மட்டும் என்னால மன்னிக்க முடியாது. எனக்குப் பிடிச்ச கதை அது," என்றார்.

கவிழ்ந்து கிடந்தது முடிந்தது. நிமிர்ந்து உட்காரலாம் என்றார் டாக்டர். குமிழ் மெல்லக் கரைந்தது. "டம்ளர்ல தண்ணி ஆடற மாதிரி ஒரு கோடு ஆடுதுடி. அதுக்கு மேல ஜன்னல் தெரியுது," என்றார் ஒருநாள். நாளுக்கு நாள் கோடு இறங்கியது. ஜன்னல் தெரிந்தது, பிறகு மேசை, பிறகு என் முகம். வயதாகிவிட்டதே என்றார். திட்டினேன். திரை நன்றாக ஒட்டியிருக்கிறது என்று டாக்டரும் சொன்னார். ஆனால் எழுத்து? சுவரில் மாட்டிய பெரிய எழுத்துகளைச் சொல்லிவிட்டார். சின்ன எழுத்துக்கு வந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். "வரலாம், வராமலும் போகலாம். அவசரப்படாதீங்க," என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் ஒரு கடைப் பலகையைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. என்னாலும் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், வாடிக்கையாளரின் கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். அவர் மேசைக்குப் போய் அச்சுப்படியை எடுத்தார். பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். நான் தலையைத் தூக்கவில்லை. ஊசி விரலில் குத்தியது. தாளை மூக்குக்கு அருகில் கொண்டுபோவதும் விலக்குவதும் சத்தத்திலேயே தெரிந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. முடியவில்லை போலிருக்கிறது, எழுந்து போய் டீ போட வேண்டும், ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் வாய் முணுமுணுத்தது.

"நீ... பார்த்துவிட்டாய் முற்றுப்புள்ளி. இனி நான்... இங்கே இருக்க முடியாது முற்றுப்புள்ளி."

நிறுத்தினார். தாளைத் திருப்பினார், மறுபடி முன்னால் வைத்துக்கொண்டார்.

"அவள் போனாள் முற்றுப்புள்ளி." குரல் ஏறியது. "போனாளா? ஏய், இங்க வா. இதுல போனாள்னு போட்டிருக்கு. நீ இருந்தாள்னுல்ல வாசிச்ச? அப்ப நரி? அதுவும் போயிருக்குமே! என்னடி பண்ணி வெச்சிருக்க? அந்த அம்மாவ நான் மோசடிக்காரின்னு சொல்லிட்டேனே! நீ..."

நான் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரியை என் வாயால் அவருக்கு நான் சொன்னதே இல்லை. சொல்லாத வரி அவருக்கு எப்படித் தெரியும்?

"என்ன சிரிக்கிற? நான் திட்டிட்டு இருக்கேன்," என்றார்.

"நீங்க படிச்சிட்டீங்க," என்றேன்.

"பேச்ச மாத்தாத..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த தாளைப் பார்த்தார், பூதக்கண்ணாடியைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

அடங்கியதும் செய்த முதல் வேலை அந்த அம்மாவுக்குப் போன் போட்டதுதான். "தப்பு எங்க வீட்டுலம்மா, உங்க எழுத்துல இல்ல," என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. "ஆமாம்மா, நானே படிச்சேன். நானேதான்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பதிப்பாளரிடமும் அப்படியே சொல்லி, அச்சுக்கு அனுப்பச் சொன்னார்.

போனை வைத்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ வாசிங்க."

"அதான் சோகமா இருக்குன்னு மாத்தினியே?"

"பரவாயில்ல, வாசிங்க."

தாளை மூக்கருகே கொண்டுபோய், எழுத்து எழுத்தாகத் தடவி வாசித்தார். நத்தைப் பெண் போனாள். இன்னொரு தடவை என்றேன். மறுபடியும் போனாள். அன்று பொழுது சாய்வதற்குள் அவளை எத்தனை தடவை வீட்டைவிட்டு அனுப்பினோம் என்று எங்களுக்கே தெரியாது.